தரவுத்தள சர்வரில் நினைவகத்தைப் பங்கிடுவது: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் அமைவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தரவுத்தளம் மெதுவாகிவிட்டது என்றதும் பலரும் முதலில் கைவைப்பது பொதுக் கேஷின், அதாவது வட்டிலிருந்து படித்த தரவை எல்லோருக்கும் பொதுவாக நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்தின், அளவில்தான். போஸ்ட்கிரெஸ் என்றால் ஷேர்டு பஃபர்ஸ், மைஎஸ்கியூஎல் என்றால் இன்னோடிபி பஃபர் பூல் சைஸ். அதை இரட்டிப்பாக்கிவிட்டு வேகம் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓரளவு கூடவும் செய்யலாம். ஆனால் நினைவகம் தீர்ந்து சர்வர் விழுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது பொதுக் கேஷ் அன்று, ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனித்தனியே எடுத்துக்கொள்ளும் நினைவகம். பொதுக் கேஷ் ஒருமுறை ஒதுக்கப்பட்டால் அந்த அளவோடு நின்றுவிடும். தனி நினைவகமோ கனெக்‌ஷன்களின் எண்ணிக்கையாலும், வினவலின் சிக்கலாலும், ஒரே வினவலுக்காக இணையாக ஓடும் துணைச் செயல்முறைகளாலும் பெருகிக்கொண்டே போகும். ஆகவே இங்கே வழக்கமான வரிசையை மாற்றி, அளவீட்டுக்கு அடுத்ததாகக் கனெக்‌ஷன்களுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டு, அதன் பிறகே பொதுக் கேஷுக்கும், மீதமிருக்கும் இடத்தைப் பொறுத்துத் தனி நினைவகத்துக்கும், கடைசியாகக் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அமைவுகளுக்கும் செல்கிறோம்.

விளக்கம் முழுவதும் லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸை மையமாகக் கொண்டது. மைஎஸ்கியூஎல் எங்கே மாறுபடுகிறது என்பதற்குத் தனிப் பகுதி பின்னால் உண்டு. அமைவுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அமைவுக் கோப்பில் அவற்றின் சொற்களுக்கிடையே இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடு வரும். கணக்குகளுக்கெல்லாம் ஒரே மாதிரி சர்வரை எடுத்துக்கொள்வோம்: 64 ஜிபி நினைவகம், தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது, அதிகபட்சம் 200 கனெக்‌ஷன்கள்.

முதல் படி: மாற்றுவதற்கு முன் அளந்து வைத்தல்

இப்போதைய நிலையை எழுதி வைக்காமல் எந்த அமைவையும் தொடக்கூடாது. இயங்குதளத்தின் பக்கம், ஃப்ரீ கட்டளையில் 'அவைலபிள்' என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். 'ஃப்ரீ' என்ற பத்தி குறைவாக இருப்பதைக் கண்டு கவலைப்படத் தேவையில்லை, ஏனெனில் லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளின் கேஷாகப் பயன்படுத்துவதே இயல்பு. விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப்புக்குள் (நினைவகம் போதாதபோது பக்கங்களை வைக்கும் வட்டுப் பகுதி) போவதையும் அங்கிருந்து திரும்பி வருவதையும் காட்டும் இரு பத்திகள் சுமை மிகுந்த நேரத்தில் பூச்சியத்தை ஒட்டி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்வாப்பில் சில நூறு எம்பி நெடுநாளாகக் கிடப்பது பெரிய செய்தி இல்லை. தொடர்ந்து உள்ளும் வெளியும் போய்வருவதுதான் நோய்க்குறி.

ஒரு செயல்முறை எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்பதை டாப் கட்டளையின் ரெஸ் பத்தியில் வரும் ஆர்எஸ்எஸ் எண்ணை (அந்தச் செயல்முறை அப்போது நினைவகத்தில் வைத்திருக்கும் பக்கங்களின் அளவு) வைத்து முடிவு செய்வது மிகப் பரவலான தவறு. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனிச் செயல்முறை. அது தொட்ட பொதுக் கேஷின் பக்கங்களும் அதன் ஆர்எஸ்எஸ் கணக்கில் ஏறிவிடும். 200 செயல்முறைகளின் ஆர்எஸ்எஸ் எண்களைக் கூட்டினால், சர்வரில் இருப்பதைப் போலப் பல மடங்கு நினைவகம் செலவாவதாகத் தோன்றும். பகிரப்பட்ட பக்கங்களைப் பங்கிட்டுக் காட்டும் பிஎஸ்எஸ் எண்ணை ப்ராக் அடைவின் ஸ்மேப்ஸ் ரோலப் கோப்பிலிருந்து எடுப்பதே சரியான வழி. ஒரு குறிப்பிட்ட கனெக்‌ஷனுக்குள் நினைவகம் எங்கே போகிறது என்று அறிய, போஸ்ட்கிரெஸ் 14 முதல் அதன் விவரத்தைச் சர்வர் பதிவேட்டில் எழுதவைக்கும் செயற்கூறும் இருக்கிறது.

தரவுத்தளத்தின் பக்கம் மூன்று எண்கள் போதும். தனி நினைவகம் போதாதபோது வட்டில் எழுதப்படும் தற்காலிகக் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் பிஜி ஸ்டாட் டேட்டாபேஸ் காட்சியில் கிடைக்கும்; இவை தொடங்கிய நாள் முதல் சேர்ந்துவரும் எண்கள் என்பதால், இரண்டு நேரங்களில் எடுத்து வித்தியாசத்தைப் பார்த்தால்தான் பொருள் உண்டு. எந்த வினவல் அந்தக் கோப்புகளை உண்டாக்குகிறது என்பதைப் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சி சொல்லும். வட்டிலிருந்து படிக்க எவ்வளவு நேரம் போகிறது என்பதை அறிய, இயல்பாக அணைந்திருக்கும் ட்ராக் ஐஓ டைமிங் அமைவை இயக்கிக்கொள்ள வேண்டும். போஸ்ட்கிரெஸ் 16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் பிஜி ஸ்டாட் ஐஓ காட்சி இன்னும் தெளிவான படத்தைத் தரும்.

கேஷ் ஹிட் விகிதம், அதாவது கேட்ட பக்கங்களில் கேஷிலேயே கிடைத்தவற்றின் பங்கு, பற்றி ஓர் எச்சரிக்கை. 99 விழுக்காடு என்று வந்துவிட்டால் எல்லாம் நலம் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் தேவையான இன்டெக்ஸ் (வரிசைகளை விரைவில் கண்டுபிடிக்க உதவும் துணைப் பட்டியல்) இல்லாமல் ஒரே பக்கங்களை லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பப் படிக்கும் மோசமான வினவலும் அந்த விகிதத்தை உயர்த்தவே செய்யும். மறுபுறம், போஸ்ட்கிரெஸ் 'வட்டிலிருந்து படித்தது' என்று கணக்கிடும் பக்கங்களில் பல உண்மையில் கெர்னலின் கோப்புக் கேஷிலிருந்து வந்திருக்கும். அதனால் இந்த விகிதத்தை ஒரு போக்காகக் கவனிக்கலாமே தவிர, இலக்காக வைத்துக்கொள்ளக்கூடாது.

இரண்டாம் படி: கனெக்‌ஷன்களுக்கு வரம்பு

மேக்ஸ் கனெக்‌ஷன்ஸின் இயல்பு மதிப்பு 100. பயன்பாட்டுச் சர்வர்கள் பெருகப் பெருக இதை 500, 1000 என்று ஏற்றிக்கொண்டே போவது எளிய வழியாகத் தோன்றும். நினைவகக் கணக்கின் அடித்தளத்தையே ஆட்டிவிடும் மாற்றம் இதுதான். வேலையின்றிக் காத்திருக்கும் கனெக்‌ஷன்கூடச் சில எம்பி தனி நினைவகத்தை வைத்திருக்கும். நீண்ட நேரம் உயிரோடு இருந்து ஆயிரக்கணக்கான அட்டவணைகளையும் அவற்றின் பிரிவுகளான பார்ட்டிஷன்களையும் தொட்ட கனெக்‌ஷன், அவற்றின் விவரங்களையெல்லாம் தன் சொந்தக் கேஷில் சேர்த்துவைத்து இன்னும் பெருத்துவிடும்.

இதைவிடக் கவனிக்கப்படாத செலவு பக்க அட்டவணை. ஒவ்வொரு செயல்முறைக்கும் மெய்நிகர் முகவரிகளை உண்மை நினைவகத்தோடு இணைக்கும் அட்டவணை ஒன்றைக் கெர்னல் வைத்திருக்கிறது. 4 கேபி பக்கங்களில் 16 ஜிபி பொதுக் கேஷ் என்றால் சுமார் 42 லட்சம் பதிவுகள். ஒரு பதிவுக்கு 8 பைட் வீதம், கேஷ் முழுவதையும் தொட்டுவிட்ட ஒரு செயல்முறைக்கு 32 எம்பி. 200 கனெக்‌ஷன்களும் நாளடைவில் அந்த நிலைக்கு வந்தால், தரவு ஒரு பைட்கூட இல்லாத வெறும் அட்டவணைகளுக்கே 6 ஜிபிக்கு மேல் போய்விடும். ப்ராக் அடைவின் மெம்இன்ஃபோ கோப்பில் 'பேஜ் டேபிள்ஸ்' என்ற வரியைப் பார்த்தால் உங்கள் சர்வரில் இது எவ்வளவு என்று தெரியும். இதற்கான மருந்தான ஹியூஜ் பேஜஸ் பற்றிக் கெர்னல் பகுதியில் வருகிறது.

ஒரே நேரத்தில் உண்மையாக வேலை செய்யக்கூடிய வினவல்களின் எண்ணிக்கை செயலிக் கருக்களையும் வட்டின் திறனையும் பொறுத்தது. அது பெரும்பாலும் கனெக்‌ஷன்களின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு. ஆகவே நடுவே பிஜிபவுன்சர் போன்ற ஒரு பூலரை வைத்து, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் கனெக்‌ஷன்களைச் சில பத்துச் சர்வர் கனெக்‌ஷன்களுக்குள் அடக்குவதே நல்லது. டிரான்சாக்‌ஷன் முறையில் (ஒரு டிரான்சாக்‌ஷன் முடியும்வரை மட்டும் சர்வர் கனெக்‌ஷனைத் தரும் முறை) ஓட்டும்போதுதான் பூலரின் முழுப்பயனும் கிடைக்கும். ஆனால் அந்த முறையில், ஒரு கனெக்‌ஷனோடு ஒட்டியிருக்கும் அமைவுகள், தற்காலிக அட்டவணைகள், நிரல்களே கேட்டு வைத்துக்கொள்ளும் பூட்டுகளான அட்வைசரி லாக்குகள் ஆகியவற்றை நம்பும் நிரல்கள் உடைந்துபோகும். முன்கூட்டியே தயாரித்து வைக்கும் வினவல்களான ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்களைப் பொறுத்தவரை, பிஜிபவுன்சர் 1.21 முதல் நெறிமுறை வழியாக வருபவற்றுக்கு ஆதரவு உண்டு.

மூன்றாம் படி: பொதுக் கேஷ்

ஷேர்டு பஃபர்ஸின் இயல்பு மதிப்பு 128 எம்பி. எந்த மெய்யான சர்வருக்கும் இது போதாது. தனியாக ஒதுக்கப்பட்ட சர்வரில் மொத்த நினைவகத்தில் 25 விழுக்காட்டிலிருந்து தொடங்கலாம் என்பதும், 40 விழுக்காட்டுக்கு மேல் போனால் கூடுதல் பயன் கிடைப்பது அரிது என்பதும் போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ ஆவணமே சொல்லும் அறிவுரை. நம் மாதிரி சர்வருக்கு அது 16 ஜிபி. இந்த மாற்றம் நடைமுறைக்கு வர சர்வரை மறுதொடக்கம் செய்தாக வேண்டும்.

ஏன் 80 விழுக்காடு கொடுக்கக்கூடாது என்று கேட்கலாம். போஸ்ட்கிரெஸ் தன் கோப்புகளைக் கெர்னலின் வழியாகவே படிக்கிறது, எழுதுகிறது. ஒரு 8 கேபி பக்கம் ஷேர்டு பஃபர்ஸிலும் கெர்னலின் கேஷிலும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். இரண்டுக்கும் பாதிப்பாதி பிரித்துக் கொடுத்தால் இந்த இரட்டிப்பு மிக மோசமாகும். ஒன்றைச் சிறிதாக வைத்து, அடிக்கடி தொடப்படும் பக்கங்களை அதில் நிறுத்தி, மற்றவற்றுக்குக் கெர்னலை நம்புவதே 25 விழுக்காட்டு அறிவுரையின் உட்பொருள். இதற்கு விதிவிலக்கும் உண்டு: தரவு முழுவதும், அல்லது அன்றாடம் தொடப்படும் பகுதி முழுவதும், நினைவகத்தின் பாதிக்குள் அடங்குமானால், ஷேர்டு பஃபர்ஸைத் தாராளமாக ஏற்றிப் பார்க்கலாம். பிஜி பஃபர்கேஷ் நீட்சியில் ஒவ்வொரு பஃபருக்கும் 0 முதல் 5 வரை ஒரு பயன்பாட்டு எண் இருக்கும். பெரும்பாலான பஃபர்கள் 4, 5 என்று நிற்கின்றன, கூடவே வட்டுப் படிப்பும் அதிகம் என்றால் கேஷுக்கு இடம் போதவில்லை என்று கொள்ளலாம். பெரும்பாலானவை 0, 1 என்றால் அளவைக் கூட்டுவதில் பயனில்லை.

பெரிய அட்டவணை ஒன்றை முழுவதுமாகப் படிக்கும் அறிக்கை வினவல் கேஷைத் துடைத்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. ஷேர்டு பஃபர்ஸின் கால் பங்கைவிடப் பெரிய அட்டவணையை வரிசையாகப் படிக்கும்போது போஸ்ட்கிரெஸ் பஃபர்களின் ஒரு சிறு வளையத்தையே (17-ஆம் பதிப்பு வரை 256 கேபி) திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. எனவே அந்த அச்சம் பெரிதும் தேவையற்றது. கெர்னலின் கேஷுக்கு அந்தப் பாதுகாப்பு அதே வடிவில் இல்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும்.

ஷேர்டு பஃபர்ஸைக் கூட்டும்போது, மாற்றங்களை முன்கூட்டிப் பதியும் வால் பதிவேட்டின் வரம்பான மேக்ஸ் வால் சைஸையும் கூட்ட வேண்டும். அதன் இயல்பு மதிப்பான 1 ஜிபியை அப்படியே விட்டால், எழுத்து மிகுந்த சர்வரில் ஐந்து நிமிடக் கெடு வருமுன்பே செக்பாயின்ட் (மாறிய பக்கங்களையெல்லாம் வட்டில் எழுதிமுடிக்கும் வேலை) அடிக்கடி தூண்டப்பட்டு, பெரிய கேஷால் கிடைத்த பயனைத் தின்றுவிடும். வால் பஃபர்ஸைத் தொட வேண்டியதில்லை. அது தானாகவே ஷேர்டு பஃபர்ஸில் 32-இல் ஒரு பங்காக, 16 எம்பி வரம்புக்குள் அமையும்.

எஃபெக்டிவ் கேஷ் சைஸ் என்பது பெயரளவில்தான் நினைவக அமைவு. இது ஒரு பைட்டைக்கூட ஒதுக்குவதில்லை. பொதுக் கேஷும் கெர்னலின் கேஷும் சேர்ந்து எவ்வளவு இருக்கும் என்று வினவல் திட்டமிடும் பகுதிக்குச் சொல்லும் மதிப்பீடு மட்டுமே. இயல்பு மதிப்பு 4 ஜிபி. அதை அப்படியே விட்டால் இன்டெக்ஸ் வழிப் படிப்பு உண்மையைவிடச் செலவு மிகுந்ததாகத் தெரிந்து, திட்டமிடும் பகுதி முழு அட்டவணைப் படிப்பை நாடக்கூடும். நம் சர்வருக்கு 36 முதல் 40 ஜிபி வரை வைக்கலாம். துல்லியம் தேவையில்லை, மறுதொடக்கமும் தேவையில்லை.

நான்காம் படி: ஒவ்வொரு வினவலின் தனி நினைவகம்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஒர்க் மெம் என்ற அமைவின் இயல்பு மதிப்பு 4 எம்பி. இது ஒரு கனெக்‌ஷனுக்கான அளவும் அன்று, ஒரு வினவலுக்கான அளவும் அன்று. வினவலின் திட்டத்தில் வரும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஒவ்வொரு ஹாஷ் கட்டமைப்புக்கும் (வரிசைகளை இணைக்கவும் தொகுக்கவும் கட்டப்படும் தற்காலிகத் தேடல் அட்டவணை) உரிய அளவு. ஹாஷ் வேலைகளுக்கு மட்டும், 13-ஆம் பதிப்பில் வந்த ஹாஷ் மெம் மல்டிப்ளையர் என்ற பெருக்கெண்ணும் சேரும். 15-ஆம் பதிப்பு முதல் அதன் இயல்பு மதிப்பு 2. இணையாக ஓடும் துணைச் செயல்முறைகள் ஒவ்வொன்றுக்கும் இந்த ஒதுக்கீடு தனியாக உண்டு.

ஒர்க் மெம்மை 256 எம்பி என்று வைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு வரிசைப்படுத்தல் அல்லது ஹாஷ் படிகள் கொண்ட ஓர் அறிக்கை வினவல், தலைமைச் செயல்முறையோடு இரு துணைச் செயல்முறைகளையும் சேர்த்து மூன்றாக ஓடினால், பெருக்கெண்ணைச் சேர்க்காமலே 4 × 3 × 256 எம்பி, அதாவது 3 ஜிபி வரை எடுக்க உரிமை பெறுகிறது. அப்படிப் பத்து வினவல்கள் ஒரே நேரத்தில் வந்தால் 30 ஜிபி. இந்த உச்சம் ஒவ்வொரு நாளும் எட்டப்படுவதில்லை. ஒதுக்கீடு தேவைக்கேற்பவே நடக்கிறது. அதனால்தான் பல வாரங்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடிவிட்டு, மாத இறுதியில் எல்லா அறிக்கைகளும் ஒன்றாக ஓடும் நாளில் சர்வர் விழுகிறது.

இனி மீதத்திலிருந்து கணக்கிடலாம். 64 ஜிபியில் பொதுக் கேஷுக்கு 16, இயங்குதளத்துக்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கும் 4, பராமரிப்பு வேலைகளுக்கு 4, கெர்னலின் கோப்புக் கேஷுக்கு 20 என்று ஒதுக்கினால் எஞ்சுவது 20 ஜிபி. 200 கனெக்‌ஷன்களின் அடிப்படைச் செலவை ஆளுக்கு 10 எம்பி என்று வைத்து 2 ஜிபியைக் கழித்தால் 18 ஜிபி. கனெக்‌ஷன்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் வேலை செய்து, ஒவ்வொன்றும் மூன்று ஹாஷ் படிகளை இரட்டைப் பெருக்கெண்ணோடு ஓட்டும் மிக மோசமான நிலையில், ஒர்க் மெம் சுமார் 15 எம்பிக்குள் இருக்க வேண்டும். பூலர் வைத்து, ஒரே நேரத்தில் 50 கனெக்‌ஷன்களுக்கு மேல் வேலை செய்யாது என்று உறுதிப்படுத்திவிட்டால், அதே கணக்கு சுமார் 60 எம்பி தரும். நினைவகம் ஒரு பைட்கூடக் கூடாமல், கனெக்‌ஷன்களுக்கு வரம்பு வைத்ததால் மட்டுமே கிடைத்த நான்கு மடங்கு இது. இரண்டாம் படியை இங்கே முன்வைத்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

சர்வர் முழுமைக்கும் 16 எம்பி போன்ற அடக்கமான எண்ணை வைத்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் உயர்த்துவதையே நான் பரிந்துரைப்பேன். அறிக்கைகளுக்கென்று தனிப் பயனர் இருந்தால், ஆல்டர் ரோல் கட்டளையால் அந்தப் பயனருக்கு மட்டும் 256 எம்பி தரலாம். அந்தப் பயனரின் கனெக்‌ஷன் எண்ணிக்கையையும் அதே கட்டளையால் ஐந்து, பத்து என்று கட்டுப்படுத்திவிடலாம். ஒரே ஒரு வினவலுக்கு என்றால், டிரான்சாக்‌ஷனுக்குள் செட் லோக்கல் கட்டளையைக் கொடுத்தால் அது முடிந்ததும் பழைய மதிப்பு தானே திரும்பிவிடும். பூலரின் பின்னால் ஓடும்போது செட் கட்டளையைத் தனியாகக் கொடுத்தால் அந்த மதிப்பு அடுத்து வரும் வேறு யாருக்கோ போய்ச்சேரும் என்பதால், லோக்கல் என்ற சொல்லை மறக்கக்கூடாது.

எந்த வினவலுக்கு உயர்த்த வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. லாக் டெம்ப் ஃபைல்ஸ் அமைவை 10 எம்பி என்று வைத்தால், அதைவிடப் பெரிய தற்காலிகக் கோப்பை உண்டாக்கும் ஒவ்வொரு வினவலும் பதிவேட்டில் விழும். அவற்றை எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கட்டளையால் ஓட்டிப் பார்க்கும்போது, வரிசைப்படுத்தலில் 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்றும் வட்டில் எடுத்த அளவும் தெரியும். ஹாஷ் படியில் பேட்ச்களின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருந்தால் நினைவகம் போதாமல் துண்டு துண்டாகச் செய்திருக்கிறது என்று பொருள். வட்டில் 80 எம்பி எடுத்த வரிசைப்படுத்தலுக்கு ஒர்க் மெம் 80 எம்பி போதாது. வட்டில் சுருக்கமாக எழுதப்படும் வரிசைகள் நினைவகத்தில் கூடுதல் இடம் பிடிக்கும். இரண்டு மடங்கில் தொடங்கி முயல்வது பொருந்தும். தற்காலிகக் கோப்பு என்றாலே தீமை என்றும் எண்ணிவிட வேண்டாம். அவையும் கெர்னலின் கேஷ் வழியாகவே செல்வதால், சிறிய கோப்புகள் பல நேரம் வட்டைத் தொடுவதற்கு முன்பே அழிந்துபோகும். உயர்த்திப் பார்த்தும் வினவலின் நேரம் குறையவில்லை என்றால், பழைய மதிப்புக்கே திரும்பிவிடுங்கள்.

பராமரிப்புக்கான மெயின்டனன்ஸ் ஒர்க் மெம் இயல்பாக 64 எம்பி. இன்டெக்ஸ் கட்டுதல், பழைய வரிசைகளைத் துப்புரவாக்கும் வேக்யூம் போன்றவை இதைப் பயன்படுத்துகின்றன. ஒரே நேரத்தில் இவை சிலவே ஓடும் என்பதாலும், இணையாக இன்டெக்ஸ் கட்டும்போது இந்த அளவு முழு வேலைக்கும் பொதுவானது என்பதாலும், 1 ஜிபி வரை தயங்காமல் கொடுக்கலாம். ஆட்டோவேக்யூம் ஒர்க் மெம்மைத் தனியாக அமைக்காவிட்டால் அதுவும் இதே எண்ணை எடுத்துக்கொள்ளும். இயல்பாக மூன்று ஆட்டோவேக்யூம் செயல்முறைகள் உண்டு என்பதால் அதை 512 எம்பி என்று பிரித்து வைப்பது பாதுகாப்பு. 17-ஆம் பதிப்புக்கு முன் வேக்யூம் 1 ஜிபிக்கு மேல் கொடுத்தாலும் பயன்படுத்தாது. 17-இல் அந்த வரம்பு நீங்கியதோடு, அதே வேலைக்கு முன்பைவிட மிகக் குறைந்த நினைவகமே போதும் என்றும் ஆகியிருக்கிறது.

ஐந்தாம் படி: கெர்னல்

முதலில் ஹியூஜ் பேஜஸ். 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் வழக்கமான ஹியூஜ் பேஜ் 2 எம்பி. மேலே சொன்ன 32 எம்பி பக்க அட்டவணை இதனால் 64 கேபியாகச் சுருங்கிவிடும். எத்தனை பக்கங்கள் தேவை என்று கையால் கணக்கிட வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் 15 முதல், ஷேர்டு மெமரி சைஸ் இன் ஹியூஜ் பேஜஸ் என்ற படிக்க மட்டுமேயான அமைவை ஷோ கட்டளையால் கேட்டாலே எண் கிடைக்கும். 16 ஜிபி ஷேர்டு பஃபர்ஸுக்கு அது 8192-ஐவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்த எண்ணுக்குச் சிறிது மேலாக விஎம்.என்ஆர் ஹியூஜ்பேஜஸ் என்ற கெர்னல் அமைவில் வைத்துவிட்டுத் தரவுத்தளத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டும். வெகுநேரம் ஓடிய சர்வரில் தொடர்ச்சியான நினைவகம் கிடைக்காமல் ஒதுக்கீடு பாதியில் நிற்கக்கூடும். அப்போது இயந்திரத்தையே மறுதொடக்கம் செய்வது எளிது. தாராளமாக இருக்கட்டும் என்று இரு மடங்கு ஒதுக்கக்கூடாது. ஹியூஜ் பேஜஸுக்கென்று ஒதுக்கியதை ஒர்க் மெம்மோ கெர்னலின் கேஷோ தொட முடியாது.

போஸ்ட்கிரெஸின் ஹியூஜ் பேஜஸ் அமைவு இயல்பாக 'ட்ரை' என்று இருக்கும். கிடைக்காவிட்டால் ஓசையின்றிச் சிறு பக்கங்களுக்குத் திரும்பிவிடும். 'ஆன்' என்று வைத்தால் கிடைக்காதபோது சர்வர் தொடங்கவே மறுக்கும். அளவு சரியாக அமைந்துவிட்டது என்று உறுதியான பின் 'ஆன்' என்று வைப்பதையே நான் விரும்புவேன். ஓசையில்லாத பின்வாங்கலைவிட வெளிப்படையான தோல்வி மேல். பெயரில் ஒத்திருந்தாலும் டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜஸ் முற்றிலும் வேறு. கெர்னல் தானாகவே பக்கங்களைச் சேர்த்துப் பெரிதாக்கும் அந்த ஏற்பாடு சில தரவுத்தளச் சுமைகளில் திடீர்த் தாமதங்களை உண்டாக்குவதால், அதை 'மேட்வைஸ்' அல்லது 'நெவர்' என்ற நிலையில் வைப்பது வழக்கம்.

அடுத்தது நினைவக மிகை ஒதுக்கீடு. லினக்ஸ் இயல்பாக, இருப்பதைவிட அதிக நினைவகத்தைத் தருவதாக வாக்களித்துவிட்டு, உண்மையிலேயே தீர்ந்துபோகும்போது ஓஓஎம் கில்லர் மூலம் ஏதோ ஒரு செயல்முறையைக் கொன்றுவிடும். கொல்லப்பட்டது ஒரே ஒரு கனெக்‌ஷனின் செயல்முறையாக இருந்தாலும், பொதுக் கேஷ் சிதைந்திருக்கலாம் என்று கருதி போஸ்ட்கிரெஸ் எல்லாக் கனெக்‌ஷன்களையும் துண்டித்து மீட்புப் பணியில் இறங்கும். விஎம்.ஓவர்கமிட் மெமரியை 2 என்று வைத்தால் கெர்னல் வரம்புக்கு மேல் வாக்களிக்காது. பேராசைப்பட்ட வினவல் மட்டும் நினைவகம் இல்லை என்ற பிழையோடு நிற்கும், மற்றவை தொடரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த வரம்பு, மொத்த நினைவகத்திலிருந்து ஹியூஜ் பேஜஸைக் கழித்து, அதில் ஓவர்கமிட் ரேஷியோ விழுக்காட்டை எடுத்து, ஸ்வாப்பைக் கூட்டி வருவது. இயல்பான விழுக்காடு 50. நம் சர்வரில் அது சுமார் 24 ஜிபியும் ஸ்வாப்பும் மட்டுமே. விழுக்காட்டை மாற்றாமல் 2 என்று மட்டும் வைத்தால், கண்ணெதிரே ஜிபி கணக்கில் நினைவகம் இருக்கும்போதே பிழைகள் வரத்தொடங்கும். 80 முதல் 90 வரை வைத்துவிட்டு, மெம்இன்ஃபோவில் கமிட் லிமிட்டும் (அந்த வரம்பு) கமிட்டட் ஏஎஸ்ஸும் (இதுவரை வாக்களித்த அளவு) எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்று சில நாட்கள் கவனித்து முடிவு செய்யவும். அதே இயந்திரத்தில் வேறு நிரல்களும் ஓடுகின்றன, அவை மிகை ஒதுக்கீட்டை நம்புகின்றன என்றால் இந்த வழி ஒத்துவராது. அப்போது தலைமைச் செயல்முறையான போஸ்ட்மாஸ்டரையாவது ஓஓஎம் மதிப்பெண்ணை −1000 ஆக்கிக் காப்பாற்றி வைக்க வேண்டும்.

ஸ்வாப்பினெஸின் இயல்பு மதிப்பு 60. தரவுத்தள சர்வரில் 1 முதல் 10 வரை போதும். ஸ்வாப்பையே நீக்கிவிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. சிறிதளவு ஸ்வாப் இருந்தால், நெருக்கடி முதலில் வேகக் குறைவாகத் தலைகாட்டும். எச்சரிக்கை பெற நேரம் கிடைக்கும். கடைசியாக, எழுதப்படாமல் நினைவகத்தில் தேங்கும் பக்கங்களுக்கான டர்ட்டி பேக்ரவுண்டு ரேஷியோ 10 விழுக்காடு என்று இருப்பது, பெரிய நினைவகம் உள்ள சர்வரில் பல ஜிபி வரை தேங்க விட்டுவிட்டு ஒரே மூச்சில் வட்டில் கொட்டும். விழுக்காட்டுக்குப் பதில் பைட் அளவில் சொல்லும் அமைவால் 256 எம்பி போல ஒரு வரம்பு வைத்தால் எழுத்து சீராகும்.

மைஎஸ்கியூஎல் மாறுபடும் இடங்கள்

போஸ்ட்கிரெஸின் 25 விழுக்காட்டை இங்கே கொண்டுவரக்கூடாது. ஓ டைரக்ட் என்ற ஃப்ளஷ் முறையில் ஓடும்போது மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தன் தரவுக் கோப்புகளைக் கெர்னலின் கேஷைத் தவிர்த்து நேரடியாகப் படிக்கிறது. எனவே தரவைத் தாங்க வேண்டிய ஒரே இடம் அதன் பஃபர் பூல்தான். தனிச் சர்வரில் நினைவகத்தின் 70 முதல் 75 விழுக்காடு வரை அதற்குத் தரலாம். 8.4 பதிப்பில் லினக்ஸில் ஓ டைரக்ட் இயல்பாகவே வருகிறது, 8.0-இல் நாம்தான் அமைக்க வேண்டும். நிர்வாகக் கட்டமைப்புகளுக்காகச் சொன்ன அளவைவிடச் சுமார் 10 விழுக்காடு கூடுதலாகச் செலவாகும் என்பதைக் கணக்கில் சேர்க்கவும். 64 ஜிபியில் 48 என்று எழுதினால் 52-53 ஜிபி போய்விடும். 5.7 முதல் இந்த அளவை மறுதொடக்கம் இன்றியே மாற்ற முடியும், ஆனால் சுமை குறைந்த நேரத்தில் செய்வது நல்லது.

சார்ட் பஃபர் சைஸ், ஜாயின் பஃபர் சைஸ் இரண்டும் இயல்பாக 256 கேபி; இவை ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் பெருகும் வகையைச் சேர்ந்தவை. ஜாயின் பஃபரைப் பொதுவாக உயர்த்துவதைவிட, அந்த இணைப்புக்கு இன்டெக்ஸ் சேர்ப்பதே பெரும்பாலும் சரியான தீர்வு. பழைய குறிப்புகளில் க்வெரி கேஷ் அளவைக் கூட்டச் சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்; 8.0-இல் அது முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. மறுதொடக்கத்துக்குப் பின் கேஷ் விரைவாகச் சூடேறுவதற்காக, நிறுத்தும்போது பஃபர் பூலின் பக்கப் பட்டியலைச் சேமித்துத் தொடங்கும்போது ஏற்றும் வசதி 5.7 முதல் இயல்பாக இயங்குகிறது. போஸ்ட்கிரெஸில் இதற்குப் பிஜி ப்ரீவார்ம் நீட்சியைச் சேர்க்க வேண்டும்.

கன்டெய்னருக்குள் ஓடும்போது

கன்டெய்னரில் ஃப்ரீ கட்டளை காட்டுவது பெரும்பாலும் தாய் இயந்திரத்தின் நினைவகத்தை. மேலே சொன்ன கணக்கு முழுவதையும் கன்டெய்னருக்குக் கெர்னல் விதிக்கும் சிகுரூப் வரம்பை வைத்தே போட வேண்டும். கோப்புக் கேஷும் அந்த வரம்புக்குள்தான் எண்ணப்படும், ஆனால் நெருக்கடியில் கெர்னல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். டாக்கரில் ஷேர்டு மெமரி அடைவின் இயல்பு அளவு 64 எம்பி மட்டுமே. போஸ்ட்கிரெஸின் இணை வினவல்கள் அந்த இடத்தைப் பயன்படுத்துவதால், நினைவகம் தாராளமாக இருந்தும் பகிர்வு நினைவகத்தின் அளவை மாற்ற முடியவில்லை என்ற பிழை வந்தால், ஒர்க் மெம்மைத் தேடிப்போகாமல் கன்டெய்னரைத் தொடங்கும்போது அந்த அளவை உயர்த்திப் பாருங்கள்.

ஆறாம் படி: மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவருதல்

ஒரு நேரத்தில் ஓர் அமைவு மட்டும். ஆல்டர் சிஸ்டம் கட்டளையால் மாற்றினால் அது தானியங்கு அமைவுக் கோப்பில் எழுதப்பட்டு, கையால் திருத்தும் முதன்மைக் கோப்பை மீறும். இரண்டையும் கலந்து பயன்படுத்தும் குழுக்களில், கோப்பில் மாற்றிய எண் ஏன் செயல்படவில்லை என்ற குழப்பம் இதனால்தான் வருகிறது. பிஜி செட்டிங்ஸ் காட்சியில் ஒவ்வொரு மதிப்பும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதும், மறுதொடக்கத்துக்காகக் காத்திருக்கிறதா என்பதும் தெரியும். ஒர்க் மெம், எஃபெக்டிவ் கேஷ் சைஸ் போன்றவற்றுக்கு அமைவை மறுபடி ஏற்றினாலே போதும். ஷேர்டு பஃபர்ஸ், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ், ஹியூஜ் பேஜஸ் ஆகிய மூன்றுக்கும் மறுதொடக்கம் தேவை என்பதால் அவற்றை ஒரே பராமரிப்பு நேரத்தில் சேர்த்துச் செய்வதே இந்த விதிக்கான விலக்கு. முதன்மைச் சர்வரின் நகலாக ஓடும் ஸ்டாண்ட்பை சர்வர் இருந்தால், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸைக் கூட்டும்போது முதலில் ஸ்டாண்ட்பையிலும், குறைக்கும்போது முதலில் முதன்மைச் சர்வரிலும் செய்ய வேண்டும். வரிசை மாறினால் ஸ்டாண்ட்பை முதன்மையின் மாற்றங்களைப் பின்தொடர முடியாமல் நின்றுவிடும்.

மறுதொடக்கத்துக்குப் பிந்தைய முதல் அளவீட்டை ஒதுக்கிவிடுங்கள். அப்போது கேஷ் வெறுமையாக இருக்கும். வாரத்தின் அதே நாள், அதே நேரச் சுமையோடு முன்பு எழுதிவைத்த எண்களை ஒப்பிட்டால்தான் வேறுபாடு அமைவால் வந்ததா, வேலைப்பளுவால் வந்ததா என்று சொல்ல முடியும். மாத இறுதி போன்ற உச்ச நாள் ஒன்று கடக்கும்வரை, ஸ்வாப் போக்குவரத்து, கமிட்டட் ஏஎஸ், பேஜ் டேபிள்ஸ், தற்காலிகக் கோப்புகளின் வளர்ச்சி ஆகிய நான்குக்கும் எச்சரிக்கை வைத்திருங்கள். அதற்கு முன் ஒர்க் மெம்மை மீண்டும் ஏற்ற வேண்டாம்.